லோத்தேங் அறைக்கு என்ன நிறம்?

செசிலியாவுக்கு வாய்த் துடுக்கு என்பது பொந்தியான் ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி. முந்தாநாள் மீனை அவள் வாசலுக்குக் கொண்டுவர எந்த மீன்காரனுக்கும் துணிச்சல் வராது. மாதம் ஒருமுறை படகில் வந்து பூசை வைத்துவிட்டுப் போகும் சாமியாரிடமே, "இன்னிக்குப் பிரசங்கம் கொஞ்சம் சுருக்கமா இருக்கட்டும் சாமி, அடுப்புல பருப்பு வேவுது" என்று சொன்னவள். மனசில் ஒன்றும் கிடையாது; வஞ்சம் வைத்துக்கொள்ளத் தெரியாத பொம்பளை. ஆனால் நினைப்புக்கும் நாக்குக்கும் நடுவில் ஒரு கதவாவது வேண்டாமா? அது அவளுக்கு இல்லை. "நமக்கு உள்ள ஒன்னு வெச்சு வெளிய ஒன்னு பேசத் தெரியாது" என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வாள். என்னவோ பெரிய பெருமை!

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் பதினைந்து வருஷமாகத் தன் வீட்டுக்குள் நுழையவிடாமல் காத்துவந்தாள். அது 'சீனத்தி' என்கிற வார்த்தை.

காரணம் அவள் மகள் டொரத்தி. செசிலியாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் வயிறு திறக்கவில்லை. நேராத நேர்ச்சை இல்லை, சொல்லாத செபமாலை இல்லை. அவள் புருஷன் கிரகோரி சர்க்கார் ரோட்டு ஓவர்சியர். கூலியாட்களை வைத்துப் பெனுட் பக்கம் செம்மண் ரோடு போட்டுக்கொண்டிருந்த சமயம், ரோட்டோரத்து அன்னாசித் தோட்டத்தில் ஒரு சீனக் குடும்பத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. அது அவர்கள் கணக்கில் புலி வருஷம். புலி வருஷத்துப் பெண் வீட்டில் வளர்ந்தால் அப்பன் உயிருக்கு ஆகாது, வேற்று இனத்தாருக்குக் கொடுத்துவிட்டால் தோஷம் கழியும் என்று அவர்கள் ஜோசியன் சொல்லிவிட்டான். அப்படிக் கைமாறி நம்மவர் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் மலாயாவில் எத்தனையோ பேர். கிரகோரி அந்தப் பதினேழு நாள் குழந்தையைக் கோட்டுக்குள் பொதிந்து, சைக்கிளில் கொண்டுவந்து, மனைவி மடியில் போட்டார். கடவுள் கொடுத்த பரிசு என்று அர்த்தம் சொல்லிச் சாமியார் டொரத்தி என்று ஞானஸ்நானம் கொடுத்தார். தோட்டக்காரர்கள் அடுத்த வருஷமே பெனுட்டை விட்டு எங்கேயோ போய்விட்டார்கள்.

ஊருக்கெல்லாம் இது தெரியும். டொரத்திக்கும் தெரியும், கண்ணாடி பொய் சொல்லுமா? ஆனாலும் வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. செசிலியாவுக்கு உள்ளுக்குள் ஒரே பயம். யாராவது ஒருநாள் வந்து, எங்கள் பிள்ளையைக் கொடு என்று கேட்பார்களோ? அதைவிட மோசமாக, யாரும் வராமலே இவளாகவே ஒருநாள் அந்தப் பக்கம் திரும்பிவிடுவாளோ? சீனக் கடைத்தெருவில் நடக்கும்போது பிள்ளையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். பக்கத்து வீட்டு அங்கம்மா ஒருதரம் வாய் தவறி, "ஒங்க சீனப்புள்ள எங்க?" என்று கேட்டுவிட்டு, மூன்று மாசம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூடக் கிடைக்காமல் திண்டாடினாள்.

பயப்படவே வேண்டியதில்லை என்பதுதான் வேடிக்கை. டொரத்திக்குத் தமிழை விட்டால் கடைமலாய் கொஞ்சம், அவ்வளவுதான். நிறமும் கண்ணும்தான் வேறே தவிர, நடை, முறைப்பு, இடுப்பில் கை வைத்து நிற்கிற நிலை, எல்லாம் செசிலியாவை அச்சில் வார்த்தது. வாயும் அப்படியே. தாயும் மகளும் ஒரு நாளைக்கு நாலு சண்டை போடாவிட்டால் அந்த வீட்டில் சோறு செரிக்காது.

"அடியே, எண்ணெ வெச்சிக்க வாடி. தல பரட்டயாக் கெடக்கு."

"எனக்கு வேணாம். நீயே வெச்சிக்க."

"பேச்சப் பாரு! ஒன்னப் பெத்த வயித்துல பெரண்டயத்தான் வெச்சுக் கட்டணும்."

"கட்டிக்க. நான் தேடிக் கொண்டாந்து தாரேன்."

பெற்ற வயிறு! அந்த வார்த்தையைச் சொல்லும்போது செசிலியாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். சண்டைக்காகவே சண்டை போட்டாளோ, அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு சாக்கு வேண்டுமென்று போட்டாளோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம். வேலிக்கு அந்தப் பக்கம் அங்கம்மா சிரிப்பை முந்தானையில் பொத்திக்கொள்வாள். ஆனால் மறுத்துப் பேச ஊரில் ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது.

டொரத்திக்குப் பதினைந்து முடிந்த வருஷம், கிரகோரி ஆற்றோரமாக ஒரு பழைய மரவீடு வாங்கினார். கொப்பரை வியாபாரி ஒருவர் கட்டிய வீடு. மாடிக்கு மேலே கூரைக்கடியில் இன்னொரு அறை இருந்தது. லோத்தேங் என்று மலாயில் சொல்வார்களே, அது. இரண்டு பக்கமும் பலகை சரிந்து இறங்கித் தரையைத் தொடும். நடுவில் நின்றால்தான் தலை தட்டாது. ஒரே ஒரு ஜன்னல், அதில் கடல் தெரியும். வியாபாரி மூட்டை போட்டுவைத்த இடம். வீட்டுக்குள் கால் வைத்த அன்றே டொரத்தி ஏணியேறிப் போய், தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அங்கிருந்தே கத்தினாள்.

"அம்மா! இது என் ரூம்! யாரும் கேக்கக் கூடாது!"

"எலி கேக்கும்டி, நீ எறங்கி வா!"

எலிகளைத் துரத்தி, கழுவிவிட்டு, ஓட்டைப் பலகைகளை மாற்றி, கிரகோரியே தச்சு வேலையெல்லாம் பார்த்தார். "சாயம் அடிச்சிட்டா முடிஞ்சிச்சு. என்ன நெறம் வேணும்னு நீயே பாத்துச் சொல்லு தாயி" என்று மகளிடம் சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பெனுட் ரோட்டில் வெள்ளம் ஏறிப் பாலம் ஒன்று உட்கார்ந்துவிட்டது. ரெண்டு வாரத்துக்குச் சாமான் கட்டிக்கொண்டு அவர் அங்கே போய்விட்டார். அவர் மட்டும் அப்போது வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சாயம் விற்கிற இரும்புக்கடை சீனக் கடைத்தெருவில்தான் இருந்தது. போதாக்குறைக்கு அது சீனப் பெருநாள் வாரம். தெரு முழுக்கச் சிவப்பு. கதவில் சிவப்புக் காகிதம், உத்தரத்தில் சிவப்பு விளக்கு, தரையில் வெடித்த பட்டாசின் சிவப்புக் குப்பை. செசிலியா வழக்கம்போல மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடும்மா, நான் என்ன கைக்கொழந்தயா?" டொரத்தி கையை உதறிக்கொண்டு முன்னால் போனாள். செசிலியாவுக்குச் சுருக்கென்றது.

கடை முதலாளி, தவுக்கே என்பார்கள், ஒரு நீளப் பலகையைத் தூக்கி வைத்தார். அதில் எல்லாச் சாயத்தையும் பட்டை பட்டையாகத் தடவிக் காட்டியிருந்தார். வெள்ளை, பாலாடை, பச்சை, நாலு விதமான நீலம், கடைசியில் சிவப்பில் மூன்று. டொரத்தி எதையோ விரலிடுக்கில் வைத்துக்கொண்டு பலகையின் கடைசிக்குக் குனிந்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மறுபடி குனிந்தாள். தவுக்கே அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சீனத்தில் ஏதோ கேட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதது வெட்கமாக இருந்ததால் சிரித்தாள். செசிலியா பார்த்தது அந்தச் சிரிப்பை மட்டும்தான்.

"இதும்மா," என்று டொரத்தி சிவப்பின் மேல் விரல் வைத்தாள்.

"மேரா! பாகுஸ், பாகுஸ்!" என்று தவுக்கே கைதட்டினார். சிவப்பு நல்லது, வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று மலாயில் சொல்லி, பெருநாளுக்காக வைத்திருந்த தட்டிலிருந்து இரண்டு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து நீட்டினார். டொரத்தி இரண்டு கையாலும் பணிவாக வாங்கிக்கொண்டாள்.

இதை யார் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது? சீனர்கள் அல்லவா இப்படி வாங்குவார்கள்! பெரியவர்கள் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையால் வாங்கு என்று தலையில் குட்டிக் குட்டிப் பழக்கியவள் செசிலியாவேதான். பயம் வந்துவிட்டால் இதெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது? "நாளைக்கு வந்து சொல்றோம்" என்று தவுக்கேயிடம் முனகிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டு வாசலில் அங்கம்மா பிடித்துக்கொண்டாள். இவர்கள் பழைய வீட்டைக் காலி செய்து வந்த பிறகும் அவள் தினமும் வந்துவிடுவாள், அவ்வளவு பாசம்.

"என்ன நெறம் பாத்தீங்க?"

"செவப்பு, அக்கா," என்றாள் டொரத்தி.

"அலமாக்! செவப்பா? சீனன் கோயில் மாதிரியில்ல இருக்கும்!" அங்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துவிட்டு, செசிலியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன்லா" என்று நழுவிவிட்டாள். கொளுத்திப் போடுகிறவர்கள் என்றைக்கு நின்று அணைத்திருக்கிறார்கள்?

அடுப்படிக்குள் போனதும் செசிலியா ஆரம்பித்தாள்.

"நீலம் அடிப்போம். மாதாவோட நெறம். பாக்கவும் குளிர்ச்சி."

"எனக்குச் செவப்புதான் வேணும்."

"பொம்பளப் புள்ள படுக்குற எடத்துல எதுக்குடி செவப்பு?"

"வேணும்னா வேணும். ஏன்னு கேக்காத. அடிச்சதுக்கப்புறம் ஒனக்கே தெரியும்." டொரத்திக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு. சாதாரண நாளாக இருந்தால் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், 'திருட்டுமுண்ட, என்னத்தயோ ஒளிக்கிறா' என்று செசிலியா கண்டுபிடித்திருப்பாள்.

"நான் சொல்றேன், நீலம்."

"அப்பா என்னயத்தான பாக்கச் சொன்னாங்க? ஒன்னயா கேட்டாங்க? செவப்பு, செவப்பு, செவப்பு!"

அவ்வளவுதான். பதினைந்து வருஷம் பூட்டிவைத்தது ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"வராம எங்க போவும்? என்னதான் ஊட்டி வளத்தாலும் சீனத்தி சீனத்திதான! தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க? செவப்பக் கண்டதும் ரத்தம் இழுக்குது. போ! எவன் ரத்தமோ அவன் வீட்டுக்கே போ!"

சேசு மரியே! சொல்லி முடிக்கும்போதே செசிலியாவுக்கு வாயைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

டொரத்தி பதிலுக்குக் கத்தவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் உதட்டிலேயே நின்று, பிறகு போய்விட்டது. கையிலிருந்த இரண்டு பழத்தையும் அடுப்பு மேடையில் ஓசைப்படாமல் வைத்தாள்.

"சரிம்மா. நீலமே அடிங்க."

அழுதிருந்தால் செசிலியா கட்டிப்பிடித்திருப்பாள். எதிர்த்துப் பேசியிருந்தால் இன்னும் நாலு வார்த்தை திட்டி, அந்தத் திட்டோடு திட்டாக அந்த வார்த்தையையும் கரைத்துவிட்டிருப்பாள். இந்தச் 'சரிம்மா'வை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதாவது! பொழுது சாய்வதற்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

சரியாகவில்லை. ஆனால் ஒன்றும் கெட்டுப்போனதாகவும் தெரியவில்லை. தவுக்கே அனுப்பிய ஆள் இரண்டு நாளில் நீலச் சாயம் அடித்துவிட்டுப் போனான். டொரத்தி அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள், ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருக்காடி?" என்று கேட்டதற்கு, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றாள். சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்குமுன்னே தானாக வந்து முன்னால் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டாள். பாகற்காயை முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தாள்.

முதல் நாலு நாள் செசிலியாவுக்குச் சந்தோஷம்கூட. "ஒரு போடு போட்டதும் புள்ள திருந்திட்டா பாத்தியா" என்று அங்கம்மாவிடம் சொன்னாள். விபூதிப் புதன் வந்து தபசு காலம் தொடங்கியது. அந்த வாரம் ஒருநாள் மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டியில் டொரத்திக்குப் பிடித்த திருக்கைமீன் குழம்பு. எப்போதும் நடுத்துண்டுக்கு அம்மா தட்டிலேயே கை விடுகிறவள், அன்று கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, இன்னொரு துண்டு எடுத்துக்கலாமா?"

சொந்த வீட்டில் எந்தப் பிள்ளை இப்படிக் கேட்கும்? "எடுத்துக்கடி, இது என்ன கேள்வி?" என்று செசிலியா சட்டியையே அவள் பக்கம் தள்ளினாள். டொரத்தி இருப்பதிலேயே சின்னத் துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் முழுக்கச் செசிலியா கிணற்றடியில் தேய்த்த பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கிரகோரி ரெண்டு வாரத்துக்குப் போனவர் நாலு வாரம் கழித்துக் கறுத்துப்போய்த் திரும்பினார். டொரத்தி அவர் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, வெந்நீர் போடப் பின்கட்டுக்குப் போனாள். அவர் ஆசையாக லோத்தேங்குக்கு ஏறிப் பார்த்தார். ஏறின வேகத்திலேயே இறங்கிவந்தார்.

"என்ன செசி, நீலம் அடிச்சிருக்கு? செவப்பு என்னாச்சு?"

"செவப்புன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"புள்ளதான் சொன்னா. நான் பொறப்பட்ட அன்னிக்குக் காலையில." கிரகோரி நாற்காலியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றியபடி சிரித்தார். "மேல படுத்துப் பாத்தாளாம். ரெண்டு பக்கமும் கூரை சரிஞ்சு வந்து, தூளிக்குள்ள கெடக்குற மாதிரியே இருந்துச்சாம். 'அம்மா என்னயக் கூறச்சேலயிலதான தூளி கட்டித் தூங்க வெச்சிச்சு, அந்தச் செவப்பயே அடிச்சிருவோம்ப்பா'ன்னா. ஒன் பொட்டியத் தொறந்து, கூறச்சேல முந்தியிலேருந்து ஒரு நூலு வேற பிரிச்சு எடுத்துக்கிட்டா, கடையில ஒத்துப் பாக்கணுமாம். 'அம்மாகிட்ட சொல்லிராதீங்க, அடிச்சி முடிச்சதும் கண்ணப் பொத்திக் கூட்டிட்டுப் போயி நானே காட்டுவேன்'னு சத்தியம் வாங்கிக்கிட்டா. ஏன், ஒனக்குப் பிடிக்கலயா?"

செசிலியாவுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

குழந்தை வந்த அன்று தூளி கட்ட வீட்டில் பழைய சேலைகள் இல்லாமல் இல்லை. ஒன்பது வருஷம் காத்திருந்த வெறியில், கோயிலில் மந்திரித்துக் கட்டிய அரக்குப் பட்டுக் கூறையையே பெட்டியிலிருந்து உருவி, உத்தரத்தில் போட்டு முடிந்தாள். "கூறையிலயா தூளி கட்டுவாங்க, பைத்தியக்காரி" என்று எல்லோரும் ஏசினார்கள். அந்தக் கதையை டொரத்திக்கு அவளே நூறு தடவை சொல்லியிருக்கிறாள். சொல்லச் சொல்லிப் பிள்ளை கேட்கும். கடையில் அந்தப் பெண்ணின் விரல் நின்றது பெருநாள் சிவப்பில் இல்லை, கடைசிப் பட்டையில், கறுத்த அரக்கில். விரலிடுக்கில் இருந்தது தன் கூறையின் நூல். ரத்தம் இழுக்கிறது என்றாளே, ரத்தமா இழுத்தது? எந்தத் தாயாவது தன்னைத் தேடி நீளும் கையை இப்படி வெட்டுவாளா? பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நடந்ததைக் கேட்டதும் கிரகோரி திட்டவில்லை. கழற்றிய காலுறையை மடித்து வைத்தார். பிறகு, "நீ போயி அதுகிட்ட பேசு" என்று மட்டும் சொன்னார்.

சாயம் அடித்த பிறகு செசிலியா அந்த அறைக்கு ஏறியதே இல்லை. மூட்டுவலி என்று சாக்கு. உண்மையில் நீலத்தைப் பார்க்கப் பயம். இப்போது ஏறினாள். சுவரில் துணி மாட்டக் கிரகோரி அடித்துக்கொடுத்த எட்டு முளைகளும் காலியாக இருந்தன. ஜன்னலோரப் பலகையில் ஒரு சீப்புகூட இல்லை. மூலையில் ஒரு பாய், சுருட்டி வைத்திருந்தது. பக்கத்தில் டொரத்தியின் தகரப் பெட்டி. திறந்து பார்த்தால் பாவாடை, சட்டை, செபமாலை, கண்ணாடி எல்லாம் மடித்து அடுக்கி, பிரயாணம் போகிறவர்கள் பெட்டிபோல இருந்தது. பழைய வீட்டில் இவள் துணி விழாத நாற்காலி கிடையாது.

டொரத்தி ஏணியேறி வந்து நின்றாள். "அப்பா குளிக்கப் போயிட்டாங்கம்மா. ஏதாச்சும் வேணுமா?"

"ஏண்டி எல்லாத்தயும் பொட்டிக்குள்ளயே வெச்சிருக்க?"

"எடுத்துட்டுப் போறப்ப சுலபமா இருக்கும்னுதான்."

"எங்கடி போற?"

"எங்கயும் போகலம்மா. ஒருவேள நீங்க போகச் சொன்னா..." அதற்கு மேல் சொல்லாமல், பாயின் ஓரத்தை நேராக்கினாள். கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. மழை வந்தால் குடை வேண்டுமே என்பதுபோலச் சொன்னாள்.

செசிலியா மண்டியிட்டே விட்டாள். "என் தங்கமே, தெரியாம சொல்லிட்டேன்டி. அப்பா எல்லாம் சொன்னாரு. எனக்குப் பயம்டி, நீ என்னய விட்டுப் போயிருவியோன்னு பதினஞ்சு வருஷமாப் பயம். அந்தப் பயத்துல புத்தி கெட்டுப் பேசிட்டேன். என்னய மன்னிச்சிரு. நாக்க வேணும்னா அறுத்துக்கறேன்."

"ஐயோ, எந்திரிங்கம்மா." டொரத்தி பதறிப்போய் அவளைத் தூக்கி உட்காரவைத்தாள். "நான் அப்பவே மறந்துட்டேன். நீங்க அழாதீங்க."

மறுநாள் காலையில் செசிலியா தனியாகவே சீனக் கடைத்தெருவுக்குப் போனாள். தவுக்கேயிடம் பலகையின் கடைசிப் பட்டையைக் காட்டி ஒரு டின் அரக்குச் சிவப்பு வாங்கினாள். ஆள் அனுப்பட்டுமா என்று அவர் கேட்டதற்கு வேண்டாம் என்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூட்டுவலியையும் சாயத்தின் ஆளி எண்ணெய் வாடையையும் பார்க்காமல், நீலத்தின் மேல் தானே சிவப்பை அடித்தாள். "நான் அடிக்கறேம்மா, நீங்க எறங்குங்க" என்று டொரத்தி பிரஷ்ஷுக்குக் கை நீட்டினாள். செசிலியா கொடுக்கவில்லை. மூன்று நாள் ஆயிற்று. உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சிவப்பு வழிந்து இறங்கித் தரையைத் தொட்டது. கடல் வெளிச்சம் பட்டபோது, நிஜமாகவே பட்டுத் தூளிக்குள் நிற்கிற மாதிரிதான் இருந்தது. பிள்ளை சொன்னது எவ்வளவு சரி!

"எப்படி இருக்குடி?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

நீலத்துக்குச் சொன்ன அதே வார்த்தை. அதே குரல்.

"மனசுல பட்டதச் சொல்லுடி. இந்த மூலையில திட்டுத்திட்டா இருக்கு பாரு. கோணலா அடிச்சிருக்கேன். கேலி பண்ணு. இது என்ன லட்சணம்னு கேளு."

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு. எனக்காக எவ்வளவு செரமப்பட்டுட்டீங்க."

"ஒனக்குச் செவப்பு வேணாமா? பச்ச வேணுமா? வெள்ளயா? எது வேணும்னு நீ சொல்லு, நான் திருப்பி அடிக்கறேன். ஒன் வாயால ஒன்னு கேளு."

"எந்த நெறமா இருந்தாலும் எனக்குச் சரிதாம்மா. ஒங்களுக்குப் பிடிச்சதே இருக்கட்டும்."

செசிலியா மகளின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "என்னோட சண்ட போடுடி! ஒரே ஒரு தடவ திட்டிருடி! ஒன்னக் கும்பிடறேன், எதையாவது வேணாம்னு சொல்லுடி!"

டொரத்தி ஆதரவாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். துக்க வீட்டில் அழுகிற பெரியவர்களை இளசுகள் பிடித்துக்கொள்ளுமே, அப்படி.

"எதுக்கும்மா சண்ட? நீங்க எனக்கு என்ன கொற வெச்சீங்க?"

பெற்ற பிள்ளை ஒரு நாளும் கேட்காத கேள்வி அது. தாயிடம் எந்தப் பிள்ளை கணக்குப் பார்த்து, குறையில்லை என்று நன்றி சொல்லும்? வளர்த்தவர்களிடம்தான் அப்படிச் சொல்வார்கள். யாரும் வந்து கேட்கவில்லை, பிள்ளை எங்கும் போகவும் இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறாள். ஆனாலும் தன் மகள் போய்விட்டாள் என்பது செசிலியாவுக்குத் தெரிந்துவிட்டது. சாயம் காயாத பலகைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். டொரத்தி கீழே இறங்கிப்போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.